மூன்று நாட்டு மாணவர் அணிக்கு எந்த சாட்? ஜூலிப் பற்றி ஒரு ஆசிரியரின் விமர்சனம்

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு நாட்டு மாணவர்களை ஒரே அணியில் போட்டு மென்பொருள் பொறியியல் நடத்துகிறீர்கள் என்றால், நிரலைச் சேர்ந்து வைத்து நிர்வகிக்கும் கிட்ஹப்புக்கு அடுத்து நீங்கள் நன்றாக யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது அணி பேசிக்கொள்ளும் இடத்தை. அதற்கு நான் பரிந்துரைப்பது ஜூலிப் என்ற சாட் மென்பொருளை. வீடியோ கால் எதில், வேலைப் பட்டியல் எதில், படம் வரைவது எதில் என்பதில் எதை எடுத்தாலும் ஓட்டிவிடலாம். பேசும் இடம் அப்படியில்லை. அது சரியில்லாமல் போனாலும் மாணவர்கள் நிரல் எழுதுவார்கள், டெமோகூடக் காட்டிவிடுவார்கள், ஆனால் இந்தப் பாடத்தில் கற்க வேண்டியதைக் கற்காமலே போய்விடுவார்கள். அப்படிக் கற்க வேண்டியது என்று நான் நினைப்பது இதுதான்: இப்போது தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவர், எழுந்து படித்ததும் என்னிடம் எதையும் திருப்பிக் கேட்காமல் வேலையைத் தொடரும்படி எழுதுவது.

எங்கள் ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம், பிரேசிலில் ஒன்று, நாங்கள் என மூன்று தரப்பு. அணிக்கு ஆறு பேர், ஊருக்கு இரண்டு பேர். இப்படிப் பாடம் நடத்துவது புதிதல்ல. 1990களின் கடைசியிலேயே சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகமும் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் வேலி ஸ்டேட் பல்கலைக்கழகமும் சேர்ந்து ரூன்ஸ்டோன் என்ற பெயரில் நடத்தின. மரப் பெட்டியைச் சாய்த்துச் சாய்த்து இரும்புக் குண்டை உருட்டும் பிரியோ லாபிரிந்த் விளையாட்டை இணையம் வழியாக இயக்குவதுதான் அங்கே மாணவர்களுக்குக் கொடுத்த வேலை. 2003இல் சுவீடனின் மெலார்டாலன் பல்கலைக்கழகமும் குரோவேஷியாவின் ஜாக்ரெப் பல்கலைக்கழகமும் ஒரு பாடத்தை ஆரம்பித்தன, பிறகு மிலானின் பொலிடெக்னிகோவும் அதில் சேர்ந்துகொண்டது. சூரிச்சின் இடிஎச் பல்கலைக்கழகத்தில் பெர்ட்ராண்ட் மேயரின் குழு 2007இலிருந்து டோஸ் என்ற பாடத்தைப் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு நடத்தியது. இவர்கள் எழுதி வைத்ததைப் படித்துப் பாருங்கள், கருவியும் நிரல்மொழியும் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கும், சிக்கல் மட்டும் அதேதான்: தகவல் போய்ச் சேரவில்லை, யார் என்ன முடிவெடுத்தார்கள் என்று தெரியவில்லை, எதிர்முனையில் இருப்பவர் மேல் நம்பிக்கை வரவில்லை.

அந்தச் சிக்கலின் பாதி, நாள்காட்டியிலும் கடிகாரத்திலும் இருக்கிறது. ஜெர்மனியில் குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபர் நடுவில்தான் தொடங்கும். பிரேசிலில் இரண்டாம் பருவம் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நம்மூரில் நவம்பரிலேயே செமஸ்டர் தேர்வு வந்து நின்றுவிடும். மூன்றும் ஒன்றாக விழுவது ஆறேழு வாரம்தான், அதற்குள் தீபாவளி வரும், பிரேசிலில் நவம்பர் 2, 15, 20 என்று தேசிய விடுமுறைகள் வரும். சரி, கடிகாரத்துக்கு வருவோம். அக்டோபர் நடுவில் கோவையில் மாலை 6:30 என்றால் ஜெர்மனியில் பிற்பகல் 3:00, சாவ் பாவுலோவில் காலை 10:00. அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறது. அதே 6:30க்கு ஜெர்மனியில் 2:00 ஆகிவிடும். பிரேசில் 2019இலேயே இந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டது, நமக்கு அது கிடையவே கிடையாது. ஆகத் திட்டம் சூடு பிடிக்கும் நேரத்தில் ஒரு தரப்பின் சந்திப்பு நேரம் மட்டும் நகர்கிறது. மூன்று ஊரிலும் வகுப்புக்கும் தூக்கத்துக்கும் இடைஞ்சல் இல்லாமல் கிடைப்பது நாளுக்கு இரண்டு மணி நேரம். மீதி 22 மணி நேரமும் அணி உயிரோடு இருப்பது எழுத்தில்தான்.

ஜூலிப்பில் சேனல் இருக்கிறது, சேனலுக்குள் தலைப்பு இருக்கிறது. அவ்வளவுதான் அதன் அடிப்படை. ஸ்லாக்கிலும் டிஸ்கார்டிலும் சேனல் உண்டே என்பீர்கள். உண்டு, ஆனால் அங்கே சேனலுக்குள் எல்லாப் பேச்சும் ஒன்றாக ஓடும், வேண்டுமென்றால் தனியாக த்ரெட் என்ற கிளைப்பேச்சாகப் பிரித்துக்கொள்ளலாம். ஜூலிப்பில் ஒவ்வொரு செய்தியும் ஏதாவது ஒரு தலைப்புக்குக் கீழேதான் வாழ்கிறது. தலைப்பு இல்லாமல் செய்தி போகவே கூடாது என்றும் நிர்வாகி வைத்துவிடலாம், நான் அப்படித்தான் வைக்கச் சொல்வேன். இந்த யோசனை அமெரிக்காவின் எம்ஐடியில் 1980களில் அதீனா என்ற வளாகக் கணினித் திட்டத்தின்போது உருவான செஃபிர் என்ற பழைய செய்தி முறையிலிருந்து வந்தது. எம்ஐடியில் படித்தவர்கள் 2012இல் ஜூலிப்பை ஆரம்பித்தார்கள், 2014இல் டிராப்பாக்ஸ் வாங்கியது, 2015இல் ஓப்பன் சோர்ஸாக வெளிவந்தது. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் அபாச்சி உரிமம், பெரும்பாலும் பைத்தான் மொழியும் அதன் ஜாங்கோ கட்டமைப்பும். நம் மாணவர்கள் திறந்து படித்துப் பார்க்கக்கூடிய நிரல்.

இது நடைமுறையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். கோவை மாணவி காலை எட்டரைக்கு லேப்டாப்பைத் திறக்கிறாள். இரவெல்லாம் பிரேசிலில் வேலை நடந்திருக்கிறது. இன்பாக்ஸில் தலைப்புகள் வரிசையாக நிற்கின்றன: டோக்கன் காலாவதி பற்றிப் பதினான்கு செய்தி, தேதி எந்த வடிவத்தில் சேமிப்பது என்று மூன்று, வெள்ளிக்கிழமை டெமோவை யார் ஓட்டுவது என்று ஐந்து. தேதி அவளுடைய பகுதி, முதலில் அதைப் படிக்கிறாள், பதில் எழுதுகிறாள். டோக்கன் விஷயம் தனக்குச் சம்பந்தமில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று விடுகிறாள், வேண்டாமென்றால் அந்தத் தலைப்பை மட்டும் மியூட் செய்யலாம். இதே இரவின் பேச்சு ஒற்றை ஓட்டமாக இருந்திருந்தால் இருபதும் முப்பதும் செய்திகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கும்; எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு என்று பிரித்தெடுக்கவே அரை மணி நேரம் ஆகும். அப்படி வரும்போது மாணவர்கள் என்ன செய்வார்கள் என்பதைப் பாடம் எடுக்கும் எல்லோரும் பார்த்திருப்போம். கடைசி நாலைந்து செய்தியைப் படித்துவிட்டு ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த வசதிக்காக மட்டும் நான் ஜூலிப்பைப் பரிந்துரைக்கவில்லை. தலைப்பு வைப்பது என்பதே ஒரு பயிற்சி, அதுதான் எனக்கு முக்கியம். முதல் வாரத்தில் பசங்கள் வைக்கும் தலைப்பைப் பார்த்தால் எரர், டவுட், ஹெல்ப், அர்ஜென்ட் என்றுதான் இருக்கும். மூன்று நாட்டிலும் இப்படித்தான், இதில் நாடு வித்தியாசம் ஒன்றும் கிடையாது. மூன்றாம் வாரத்தில் அதே கை 'ஆர்டர் தொகை பூஜ்யமாக வந்தால் சர்வர் என்ன திருப்ப வேண்டும்' என்று தலைப்பு வைக்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது? தன் பிரச்சினை எது என்று ஒரு வரியில் சொல்ல அந்தப் பையன் கற்றுக்கொண்டிருக்கிறான். தேவைப் பகுப்பாய்வு என்று நாம் ஒரு யூனிட் முழுக்கப் பலகையில் எழுதிப் போடுவதன் சாரமே அதுதானே. அர்ஜென்ட் என்ற தலைப்புக்கு ஆறு மணி நேரமாகப் பதில் வரவில்லை, பக்கத்து அணியின் தெளிவான தலைப்புக்குப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது என்பதைக் கண்ணால் பார்த்தபின் அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஆசிரியருக்கு ஜூலிப் கொடுக்கும் இரண்டு கருவிகள் அருமையானவை. ஒன்று, தலைப்பின் பெயரை மாற்றலாம், தடம் மாறிப்போன செய்திகளை மட்டும் பிரித்து வேறு தலைப்புக்கு நகர்த்தலாம். எங்கே போனது என்ற குறிப்பு பழைய இடத்தில் விழுந்துவிடும், யாரும் தொலைந்துபோக மாட்டார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, யாரையும் திட்டாமல், நல்ல தலைப்பு எப்படியிருக்கும் என்று காட்டிவிடலாம். இரண்டாவது, ஒரு தலைப்பை முடிந்தது என்று குறிக்கலாம், அதன் பெயருக்கு முன்னால் ஒரு டிக் விழும். எங்களிடம் இதற்கு ஒரு விதி உண்டு: டிக் போடுவதற்கு முன்னால் என்ன முடிவு, ஏன் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும், கேள்வி கேட்டவர்தான் டிக் போட வேண்டும். ஆறு வாரம் கழித்து டிக் போட்ட தலைப்புகளை வரிசையாகத் திறந்தால் அந்தத் திட்டத்தின் வடிவமைப்பு முடிவுகள் எல்லாம் காரணத்தோடு கிடைக்கின்றன. கடைசி வாரத்தில் உட்கார்ந்து ஜோடித்து எழுதும் டாக்குமென்டேஷனை விட இது நூறு மடங்கு உண்மையானது.

அடுத்து, பல பண்பாடுகள் சேர்ந்த அணி என்ற விஷயம். நாடு நாடாக மதிப்பெண் போட்ட அட்டவணையைக் காட்டி, இந்தியர் இப்படி, ஜெர்மானியர் அப்படி என்று பாடம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த முறையில் நம்பிக்கை இல்லை. பொள்ளாச்சியிலிருந்து வரும் மாணவரும் சென்னை சர்வதேசப் பள்ளியில் படித்து வரும் மாணவரும் ஒரே அட்டவணைக் கட்டத்தில் அடங்கமாட்டார்கள். ஆனால் சில பழக்கங்கள் அணிக்கு அணி திரும்பத் திரும்ப வருகின்றன, அவற்றைப் பார்க்காதது போல இருக்கவும் முடியாது.

முதலாவது, கேள்வி கேட்கத் தயங்குவது. நம் வகுப்பறைகளில் சந்தேகம் கேட்டால் பின்வரிசை சிரிக்கும், இல்லையென்றால் "இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்த?" என்று வரும். பன்னிரண்டு வருடம் பள்ளியில் அப்படிப் பழகிய பிள்ளை, முகம் பார்க்காத ஜெர்மன் மாணவர் முன்னால் பொதுவில் சந்தேகம் கேட்குமா? கேட்காது. இரண்டு நாள் தனியாக முட்டி மோதும், அப்புறம் எனக்குத் தனிச்செய்தி அனுப்பும்: "சார், இது வரமாட்டேங்குது." அந்த இரண்டு நாளில் மற்ற நான்கு பேரும் கோவைக்காரர்கள் வேலையே செய்யவில்லை என்று முடிவு கட்டியிருப்பார்கள். அநியாயம், ஆனால் அவர்களையும் குறை சொல்ல முடியாது, அவர்களுக்குத் தெரிந்தது மௌனம் மட்டும்தானே.

தலைப்பு முறை இதற்கு உதவுகிறது, நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாக. ஒற்றை ஓட்டமாக இருக்கும் சாட்டில் கேள்வி கேட்பது என்றால் நடந்துகொண்டிருக்கும் பேச்சில் குறுக்கே விழ வேண்டும். பெரியவர்கள் பேசும்போது நடுவில் பேசாதே என்று வளர்ந்தவர்களுக்கு அது கஷ்டம். ஜூலிப்பில் புதிதாக ஒரு தலைப்பைத் திறந்து கேட்டால் யாருடைய பேச்சும் கெடுவதில்லை, நேரம் இருப்பவர் வந்து பதில் சொல்வார். இந்தச் சின்ன வித்தியாசத்தால் வாய் திறந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் கருவி மட்டும் போதாது. தனிச்செய்தியில் நிரல் பற்றிக் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை, "தலைப்பில் போடுங்கள், அங்கேயே சொல்கிறேன்" என்று மட்டும் எழுதுவேன். மூன்று ஊர் ஆசிரியர்களும் முதல் வாரத்தில் தங்களுக்கு உண்மையிலேயே தெரியாத சில கேள்விகளைப் பொதுவில் கேட்கிறோம். வாத்தியாரே கேட்கிறார் என்றால் பசங்களுக்குத் தயக்கம் விடும்.

இரண்டாவது, நிரல் ரிவ்யூ. ஜெர்மன் பக்கத்து மாணவர் ஒருவர், நம்மவர்களின் புல் ரிக்வெஸ்டில் (எழுதிய நிரலைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) "இது வேலை செய்யாது, டெஸ்ட் இல்லை" என்று எழுதினார். அவருக்கு அது ஒரு சாதாரணத் தகவல். நம்மவர்கள் இரண்டு பேரும் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, ரிக்வெஸ்டையே மூடிவிட்டு, ஒரு வார்த்தை பதில் எழுதாமல், ராத்திரியெல்லாம் உட்கார்ந்து முழுப் பகுதியையும் புதிதாக எழுதினார்கள். அவர் கேட்டது இரண்டு டெஸ்ட். மறுநாள் அவர் குழம்பிப்போய்க் கேட்க, பிரேசில் மாணவி நடுவில் வந்து சமாதானம் செய்தாள், அந்த அணிக்குப் பெரும்பாலும் அந்த வேலையை அவள்தான் செய்தாள். அந்த மொத்தப் பேச்சும் ஒரே தலைப்பின் கீழ் இருந்ததால் மூன்று நாள் கழித்து நான் அதையே திறந்து, ஆறு பேரையும் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பேச முடிந்தது. எழுதியவர் என்ன நினைத்தார், படித்தவர் என்ன நினைத்தார் என்று அவர்களே சொன்னார்கள். அதன்பிறகு அந்த அணி தானாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டது: ஒவ்வொரு ரிவ்யூ கருத்தின் தொடக்கத்திலும் இதைச் செய்தே ஆக வேண்டுமா, இல்லை யோசனை மட்டும்தானா என்று குறிப்பது. எந்தப் பாடப்புத்தகத்தை வைத்து நடத்தியிருந்தாலும் இந்த அளவுக்கு மனதில் நின்றிருக்காது.

மூன்றாவதுதான் ஆபத்தானது, வெளியே தெரியாது. ஒரே ஊரில் இருக்கும் இரண்டு பேர் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே முடிவெடுத்துவிடுவார்கள். நம்மவர்கள் தமிழில், பிரேசில்காரர்கள் போர்த்துகீசியத்தில். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, பக்கத்தில் இருக்கிறார்கள், பேசுகிறார்கள். ஆனால் மற்ற நான்கு பேருக்கு அந்த முடிவு வானத்திலிருந்து விழுந்த மாதிரி வந்து சேரும். எங்கள் விதி, எந்த மொழியில் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் பேசுங்கள், தலைப்பில் எழுதாதது முடிவு இல்லை, அதை யாரும் மாற்றலாம். ஜூலிப்பிலேயே வாக்கெடுப்பு வைக்கலாம், ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் மூன்று ஊரும் எழுந்து வாக்களித்துவிடும். ஆங்கிலம் யாருக்குமே தாய்மொழி இல்லாத அணி இது. வீடியோ காலில் வேகமாக ஆங்கிலம் பேசுகிறவர் கைதான் ஓங்கும். எழுத்தில் யோசித்து எழுதலாம், அனுப்பியதைத் திருத்தலாம், வரைவாக வைத்துக் காலையில் அனுப்பலாம். மெதுவாக யோசிக்கும் மாணவர்களின் தரம் அங்கேதான் தெரிகிறது.

நேரம் விஷயத்தில் ஒரு சின்ன வசதி, இதற்காகவே அந்த டெவலப்பர்களுக்கு நன்றி சொல்லலாம். செய்தியில் ஒரு நேரத்தைக் குறிப்பிடும்போது அதற்கான குறியீட்டில் போட்டால், படிப்பவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊர் நேரத்தில் தெரியும். நான் மாலை 6:30 என்று வைத்தால் பிரேசில் மாணவருக்குக் காலை 10:00 என்றுதான் தெரியும், ஐரோப்பாவின் கடிகார மாற்றமும் தானாகக் கணக்கில் வந்துவிடும். ஒருவர் பெயரைத் தட்டினால் அங்கே இப்போது மணி என்ன என்று காட்டும். நள்ளிரவில் ஒருவரை எழுப்பாமல் இருக்கச் செய்தியை நேரம் குறித்து அனுப்பவும் முடியும்.

கிட்ஹப், கிட்லேப் இரண்டோடும் இணைக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: எல்லா அறிவிப்பையும் திறந்துவிட்டால் கமிட் (நிரலில் பதியும் ஒவ்வொரு மாற்றமும்) அறிவிப்புகள் மனிதர் பேச்சை மூழ்கடித்துவிடும். அதற்குத் தனிச் சேனல் போடுங்கள், புல் ரிக்வெஸ்ட் மட்டும் போதும். இஷ்யூ (கிட்ஹப்பில் பதிந்த பிழை அல்லது வேலை) எண்ணை எழுதினாலே அது தானாக இணைப்பாக மாறும்படி நிர்வாகி அமைத்துக்கொள்ளலாம். நிரல் துண்டுகள் வண்ணத்தோடு அழகாக விழும், கணிதக் குறியீடும் எழுதலாம்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். செய்தி எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போடாதீர்கள், தயவுசெய்து. போட்டால் அடுத்த நாளே காலை வணக்கமும் கைதட்டலும் குவியும். நான் ஒவ்வொரு மாணவரையும் தன் வேலையைக் காட்டும் மூன்று தலைப்புகளைத் தேர்ந்தெடுத்து, அங்கே தான் என்ன செய்தேன், இப்போது என்றால் எப்படி எழுதியிருப்பேன் என்று அரைப் பக்கம் எழுதச் சொல்கிறேன். நிரலைப் பார்த்து மட்டும் தெரியாத பல உழைப்புகள் இதில் வெளியே வருகின்றன. மேலே சொன்ன பிரேசில் மாணவியின் கமிட் எண்ணிக்கை அணியிலேயே குறைவு. அவள் இல்லாமல் அந்த அணி இரண்டாவது வாரமே உடைந்திருக்கும்.

இப்போது செலவு. ஜூலிப் கிளவுடில் இலவசத் திட்டம் உண்டு, அதில் கடைசி 10,000 செய்திகள் வரை தேடிப் பார்க்கலாம், கோப்புகளுக்கு 5 ஜிபி. நாலைந்து அணி இருந்தால் அந்த 10,000 சீக்கிரம் தீர்ந்துவிடும். கட்டணத் திட்டத்தின் வழக்கமான விலை நம் கல்லூரிகளுக்குக் கட்டாது, ஆனால் கல்வி நிறுவனங்களுக்குச் சலுகை இருக்கிறது, எழுதிக் கேளுங்கள். என் யோசனை, சொந்தமாக நிறுவிக்கொள்வது. 2 ஜிபி ரேம், 10 ஜிபி வட்டு இருக்கும் உபுண்டு அல்லது டெபியன் சர்வர் ஒன்று போதும். நூறு பேரைத் தாண்டினால் 4 ஜிபி வேண்டும். மென்பொருளுக்குக் காசு இல்லை, வசதியில் குறைவும் இல்லை. மொபைலுக்கு வரும் அறிவிப்புகள் மட்டும் ஜூலிப் நிறுவனத்தின் சேவை வழியாகப் போவதால் பத்துப் பயனர்களுக்கு மேல் போனால் அவர்களுடைய திட்டம் ஒன்றில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

சொந்தமாக நிறுவுவதில் இன்னொரு நன்மை உண்டு, கூட்டுப் பாடம் நடத்துபவர்களுக்கு இது பெரிய விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதத்திலிருந்து ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மாணவர் பெயரும் பேச்சும் எந்த நாட்டு சர்வரில் கிடக்கிறது என்று ஜெர்மன் பல்கலைக்கழகம் கேட்கத்தான் செய்யும், கேட்பது சரியும்கூட. எங்கள் ஜூலிப் அவர்கள் வளாகத்து சர்வரிலேயே இருக்கிறது, அந்தக் கேள்வி முதல் வாரத்திலேயே தீர்ந்தது. பாடம் முடிந்ததும் முழுத் தரவையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம், அழிக்கவும் செய்யலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் வாரம் எல்லோருக்கும் அந்நியமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் வளர்ந்த விரலுக்கு ஒவ்வொரு முறையும் தலைப்பு கேட்பது எரிச்சல்தான், சிலர் புலம்புவார்கள், அந்த வாரத்தைப் பொறுமையாகக் கடக்க ஆசிரியர் தினமும் உள்ளே இருக்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் இதை எடுக்க வேண்டாம். வீடியோ கால் சொந்தமாகக் கிடையாது, ஜிட்ஸி, ஜூம், பிக்புளூபட்டன் இவற்றில் ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். தேடல் இயல்பாக ஆங்கிலத்துக்கென்று அமைக்கப்பட்டிருக்கிறது. தமிழிலோ போர்த்துகீசியத்திலோ ஓரமாக ஒரு சேனல் ஓடினால் அங்கே தேடுவதற்குப் பிஜிகுரூங்கா என்ற நீட்சியை நிர்வாகி தனியாகப் போட வேண்டும். மொபைல் செயலி 2025இல் ஃப்ளட்டர் என்ற செயலி உருவாக்கும் கருவியில் புதிதாக எழுதி வெளியிடப்பட்டது, வேகமாக இருக்கிறது, ஆனால் நீளமான பேச்சைப் படிக்க எனக்கு இன்றும் கணினிதான் வசதி. நம் பசங்களில் பலர் பேருந்தில் போனிலேயே எல்லாம் செய்பவர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

மற்றவை? ஸ்லாக் பழகுவதற்கு எளிது, தொழிலிலும் பரவலாக இருக்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து அதன் இலவசத் திட்டத்தில் 90 நாள் செய்திகள்தான் தெரியும், பாடம் முடிந்து மதிப்பீடு செய்யும்போது ஆரம்பப் பேச்சு மறைந்துபோயிருக்கலாம். டிஸ்கார்டின் குரல் அறை மிக நன்று, ஒன்றாக உட்கார்ந்து பிழை தேட அதற்கு ஈடில்லை. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் பல கல்லூரிகளில் ஏற்கெனவே இருக்கும், ஆனால் மூன்று பல்கலைக்கழகத்து ஆட்களை ஒரே இடத்தில் கொண்டுவர ஒவ்வொரு ஊர் ஐடி துறையின் அனுமதியும் வேண்டும். மேட்டர்மோஸ்ட் சொந்தமாக நிறுவக்கூடியது, நல்ல மென்பொருள், பேச்சு அமைப்பு ஸ்லாக் மாதிரிதான். உங்கள் அணி முழுக்க ஒரே வளாகத்தில் இருக்கிறது என்றால் இவற்றில் எதுவும் போதும், ஜூலிப்புக்காகக் கஷ்டப்பட வேண்டாம்.

இன்னொரு காரணம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. ஜூலிப்பை உருவாக்கும் சமூகமே ஜூலிப்பில்தான் பேசிக்கொள்கிறது, அந்தப் பேச்சின் பெரும்பகுதியைக் கணக்கே இல்லாமல் யாரும் படிக்கலாம். ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்குப் புதியவர்களைக் கொண்டுவரும் கூகுள் சம்மர் ஆஃப் கோடில் 2016இலிருந்து பங்கெடுக்கிறார்கள், இந்திய மாணவர்கள் நிறையப் பேர் அதன் வழியாக உள்ளே வந்திருக்கிறார்கள். முதல் வாரத்து வீட்டுப்பாடமாக அங்கே முடிந்த தலைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கேள்வி எப்படி ஆரம்பித்தது, எந்த நாட்டிலிருந்து யார் எந்த நேரத்தில் எழுதினார்கள், முடிவு எப்படி வந்தது என்று எழுதி வரச் சொல்கிறேன். ரஸ்ட் நிரல்மொழிக் குழுக்களும், கணித நிரூபணங்களைச் சரிபார்க்கும் லீன் என்ற மென்பொருளைப் பயன்படுத்தும் கணிதவியலாளர்களும் ஜூலிப்பில்தான் இருக்கிறார்கள். 2023 கடைசியில் கணிதவியலாளர் டெரன்ஸ் டாவோ முன்னின்று, புதிதாக வந்த ஒரு நிரூபணத்தை லீனில் சரிபார்த்த வேலை, உலகம் முழுவதும் சிதறிக்கிடந்தவர்கள் சேர்ந்து மூன்றே வாரத்தில் முடித்தது. அதற்கான பேச்சு அங்கே திறந்தபடி கிடக்கிறது. கணிதம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, வேலையை எப்படித் துண்டு போட்டுக் கொடுத்தார்கள், எடுத்தவர் எப்படி அறிவித்தார் என்பதை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆரம்பிக்கிறீர்கள் என்றால் சேனல்களைக் குறைவாக வையுங்கள். அணிக்கு ஒன்று, கிட்ஹப் அறிவிப்புக்கு ஒன்று, மூன்று ஊரும் சேர்ந்த பொது அறிவிப்புக்கு ஒன்று, அரட்டைக்கு ஒன்று. அரட்டைச் சேனலை வெட்டிவிடாதீர்கள், பிரேசில் வீட்டு நாய்க்குட்டியும் நம் தீபாவளி முறுக்கும் அங்கேதான் வரும், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிய ஆரம்பிப்பதும் அங்கேதான். விடுமுறை நாட்களை மூன்று தரப்பும் முதல் நாளே ஒரு தலைப்பில் போட்டுவிடட்டும். தலைப்பு கட்டாயம் என்ற அமைப்பை மாணவர்கள் உள்ளே வருவதற்கு முன்பே போட்டுவிடுங்கள், நடுவில் மாற்றினால் சண்டை வரும்.